டெம்ப்ளேட்டில் வரியைச் சுருக்கினால் "வேண்டாம்" காணாமல் போகிறது, எந்த ஃபங்ஷன் போடுவது?

மண்டபம்_வத்தை, இரவு 9.40

மாமாவின் கருவாட்டுக் கடைக்கு ஒரு சின்னத் தளம் செய்து கொடுத்திருக்கிறேன். வெறும் பிஹெச்பி மொழி, ஃபிரேம்வொர்க் (ஆயத்தக் கட்டமைப்பு) எதுவும் இல்லை. முகப்பில் மூன்று பெட்டி: இன்றைய மீன் விலை, கருவாடு இருப்பு, கடல் நிலவரம். கடைசிப் பெட்டிக்கான வரியை வானிலை அறிவிப்பைப் பார்த்து நானே டைப் செய்து போடுவேன். உண்மையைச் சொன்னால் கருவாடு பார்க்க வருகிறவர்களை விட இந்தப் பெட்டியைப் பார்க்க வருகிறவர்கள்தான் அதிகம்.

பெட்டி சின்னது, அதனால் "சுருக்கு" என்று ஒரு ஹெல்பர் (சின்ன உதவி ஃபங்ஷன்) எழுதி எல்லா டெம்ப்ளேட்டிலும் (பக்க வார்ப்பிலும்) போட்டேன். முதலில் வரியை வெட்டுகிற சப்ஸ்டர் ஃபங்ஷன் வைத்து 100 என்று கொடுத்தேன். நீளமான வரி வந்தால் பெட்டியே காலியாக இருந்தது, எர்ரர் கூட வரவில்லை. அப்புறம் எங்கேயோ படித்துவிட்டு எம்பி_சப்ஸ்டர் என்று மாற்றி 40 கொடுத்து, வெட்டினால் பின்னால் மூன்று புள்ளி வருகிற மாதிரி வைத்தேன். வந்தது. சரி என்று படுத்துவிட்டேன்.

நேற்று நான் போட்ட வரி: "மன்னார் வளைகுடாவில் மீன்பிடிக்கச் செல்ல வேண்டாம்". பெட்டியில் வந்தது: "மன்னார் வளைகுடாவில் மீன்பிடிக்கச் செல்ல …"

விடியக்காலை 3 மணிக்குச் சின்ன மாமா போன். "ஏம்ப்பா, தென்கடலுக்குப் போகலாம்னு போட்டிருக்கே, காத்து இந்தப் போடு போடுது?" மன்னார் வளைகுடாவைத்தான் தென்கடல் என்கிறார். நல்லவேளை, அவர் போனை நம்பாமல் காற்றை நம்புகிற ஆள்.

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். 24 எழுத்து, 4 இடைவெளி, மொத்தம் 28. நான் கொடுத்த எல்லை 40. 28 எப்படி 40-ஐத் தாண்டும்? எந்த ஃபங்ஷன் போட்டால் சரியாக எண்ணும்?


கீழக்கரை_காக்கா, இரவு 10.15

தம்பி, நீ எண்ணியது எழுத்தை. கம்ப்யூட்டர் எண்ணியது யூனிகோடு குறியை. "மீ" உனக்கு ஒன்று, அதற்கு ம ஒன்று, ஈகாரத்தின் சுழி ஒன்று, ஆக இரண்டு. "ன்" என்றால் ன ஒன்று, புள்ளி ஒன்று. உன் வரியை அப்படி எண்ணினால் 48 வரும். கம்ப்யூட்டர் சேமித்து வைக்கிற யுடிஎஃப்-8 பைட் கணக்கில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட், இடைவெளி 1 பைட், ஆக 44 × 3 + 4 = 136. ஒரே வரிக்கு 28, 48, 136 என்று மூன்று கணக்கு. எந்த ஃபங்ஷன் எந்தக் கணக்கு என்று தெரியாமல் எண்ணைக் கொடுத்தால் இப்படித்தான் ஆகும்.

சப்ஸ்டர் பைட்டை எண்ணும். உன் வரியில் நூறாவது பைட் எங்கே விழுகிறது என்று போட்டுப் பார்த்தேன். "மீன்பிடிக்கச்" முடிந்து இடைவெளியோடு 96. ச வந்தால் 99. நூறாவது பைட் "செ"யின் ஒற்றைக்கொம்பில் மூன்றில் ஒரு பங்கு. அந்த உடைந்த துண்டை நீ ஹெச்டிஎம்எல்ஸ்பெஷல்சார்ஸுக்கு (டேக் குறிகளை வெறும் எழுத்தாக மாற்றுகிற எஸ்கேப் ஃபங்ஷன்) கொடுத்திருப்பாய், அது பிஹெச்பி 8.1-க்கு முந்தைய பதிப்புகளில் உடைந்த யுடிஎஃப்-8 வந்தால் சத்தமே போடாமல் காலி வரியைத் திருப்பித் தரும். அதான் வெறும் பெட்டி. 8.1-இலிருந்து அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறிக் கட்டம் வரும், அவ்வளவுதான் வித்தியாசம்.

எம்பி_சப்ஸ்டர் குறியை எண்ணும். பைட் உடையாது, எழுத்து உடையும். "மீன்" என்பதில் ஒரு குறியில் வெட்டினால் "ம" மட்டும் நிற்கும்.

எழுத்தாக எண்ண வேண்டும் என்றால் கிராஃபீம்_சப்ஸ்டர். அது இன்ட்ல் என்கிற எக்ஸ்டென்ஷனில் இருக்கிறது, சில ஹோஸ்டிங்கில் அது இருக்காது. இல்லாவிட்டால் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் (எழுத்து வடிவத்தைச் சொல்லித் தேடுகிற முறை) பின்சாய்வுக்கோடும் பெரிய எக்ஸும், யூ கொடியோடு. அதுவும் எழுத்து எழுத்தாகத்தான் பிடிக்கும். ஒரு எச்சரிக்கை: "ஸ்ரீ", "க்ஷ" இரண்டும் கண்ணுக்கு ஒன்று, அந்த விதிப்படி இரண்டு. நடுவில் வெட்டுப்படும்.

நான் ரெயில்ஸ்காரன், அது ரூபி மொழியின் ஃபிரேம்வொர்க். அங்கே வரியை வெட்டுகிற ட்ரங்கேட் ஹெல்பரின் இயல்பு நீளம் 30, அதில் மூன்று புள்ளியும் சேர்த்தி. உன் வரியைக் கொடுத்தால் "மன்னார் வளைகுடாவில் மீன்பிட..." என்று வரும். டி போய் ட ஆகிவிட்டது பார். செபரேட்டர் என்று இடைவெளியைக் கொடுத்தால் சொல் முடிவில் வெட்டும், அந்தத் தொல்லை இல்லை.


பாம்பன்_காத்து, இரவு 10.32

எல்லாம் சரி, கேள்வியே தப்பு.

காக்கா சொன்ன கிராஃபீம் கணக்கில் உன் வரி 28, தப்பித்துவிட்டது. நாளைக்கு "மன்னார் வளைகுடா மற்றும் அதையொட்டிய குமரிக்கடல் பகுதிகளில்" என்று ஆரம்பித்து எழுதுவாய், அப்போது எழுத்து உடையாமல், சொல் உடையாமல், அழகாக "செல்ல…" என்று வெட்டும். செபரேட்டர் போட்டால் இன்னும் மோசம். உடைந்த எழுத்தைப் பார்த்தால் ஏதோ கோளாறு என்றாவது தோன்றும், முழுச்சொல்லில் நின்றால் அது பாட்டுக்குச் சரியான வாக்கியம் மாதிரி இருக்கும்.

இந்த ஹெல்பர்களை எல்லாம் ஆங்கிலத்துக்கு எழுதினார்கள். ஆங்கிலத்தில் "டூ நாட்" என்று வாயைத் திறக்கும்போதே தடை வந்துவிடும், வாலை வெட்டினால் எந்த ஊர், எத்தனை மணி என்பதுதான் போகும். தமிழில் வேண்டாம், கூடாது, இல்லை, முடியாது, மாட்டார்கள் எல்லாம் வாலில்தான் உட்கார்ந்திருக்கிறது. வாலை வெட்டுகிற ஹெல்பர் சரியாக அதைத்தான் வெட்டும்.

என் சித்தப்பா நாட்டுப்படகுக்காரர். இருட்டில், ஒரு கையில் டீ, இன்னொரு கையில் போன். "மேலும் வாசிக்க" என்பதை அவர் வாழ்நாளில் தொட்டது கிடையாது.


நவபாஷாணம்9, இரவு 10.50

ஹெல்பரே வேண்டாம்ங்க. சர்வரில் வெட்டுவது பழைய பழக்கம். முழு வரியையும் ஹெச்டிஎம்எல்லில் விட்டுவிட்டு பக்க அலங்காரத்துக்கான சிஎஸ்எஸ்ஸில் லைன் கிளாம்ப் 2 (இரண்டு வரிக்கு மேல் காட்டாதே) என்று கொடுத்தால் பிரவுசர் பெட்டி அகலத்தைப் பார்த்து அதுவே புள்ளி வைக்கும். எழுத்து உடையவே உடையாது, ஏனென்றால் வெட்டுகிறவன் எழுத்துருவை வரைகிறவன். 28-ஆ 48-ஆ என்ற பஞ்சாயத்தே இல்லை. திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருளுக்கும் முழு வரி கிடைக்கும்.


பாம்பன்_காத்து, இரவு 10.58

சித்தப்பா போனில் எழுத்தளவு பெரிசாக்கி வைத்திருக்கிறார். உங்கள் இரண்டு வரியில் "மன்னார் / வளைகுடாவில்" என்பதோடு கதை முடிந்துவிடும். கருவாட்டுப் பெட்டிக்கு லைன் கிளாம்ப் போடுங்கள், அருமை. கடல் நிலவரத்துக்குக் கத்தரியே கூடாது, அது சர்வரில் இருந்தாலும் பிரவுசரில் இருந்தாலும்.


நவபாஷாணம்9, இரவு 11.02

சரி, ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பெட்டியை மட்டும் உயரக் கட்டுப்பாடு இல்லாமல் விடலாம். டிசைன் கோணலாகும், ஆகட்டும்.


தொண்டி_டீச்சர், காலை 6.20

ராத்திரி முழுக்க அடித்துக்கொண்டிருக்கிறீர்கள். நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் எடுக்கிறேன், எங்கள் பள்ளித் தளத்துக்காக ஜாங்கோ என்கிற பைத்தான் ஃபிரேம்வொர்க் கற்றுக்கொண்டேன்.

முதலில் ஒரு வேடிக்கை. ஜாங்கோவில் வரியை வெட்டுகிற ட்ரங்கேட்சார்ஸ், சேர்க்கைக் குறிகளை எண்ணக்கூடாது என்று நல்ல எண்ணத்தோடு எழுதப்பட்டது. ஆனால் அது பார்க்கிற யூனிகோடு பண்பில் நம் புள்ளி மட்டும்தான் சேர்க்கைக் குறி, கால், கொம்பு, சுழி எல்லாம் தனி எழுத்துக் கணக்கில் வந்துவிடும். வத்தைத் தம்பி வரியில் 9 புள்ளி இருக்கிறது. 48-இல் 9 போனால் 39. ஆக நாலாவதாக ஒரு கணக்கு! தம்பி ஜாங்கோவில் 40 கொடுத்திருந்தால் வெட்டாமல் விட்டிருக்கும், பிரச்சினை இருப்பதே தெரியாமல் போயிருக்கும்.

இரண்டாவது, நீங்கள் யாரும் பேசாதது. வெட்டுகிற ஹெல்பரை விட ஒட்டுகிற ஹெல்பர் எனக்கு அதிகத் தலைவலி. ஊர்ப்பெயர் ஒரு மாறியில், பின்னால் "இல்" என்று டெம்ப்ளேட்டில் எழுதிவிடுகிறார்கள். "மண்டபம்இல்", "தொண்டிஇல்" என்று பக்கத்தில் வந்து நிற்கிறது. சரி, விதி எழுதலாமே என்று உட்கார்ந்தேன். ம் என்று முடிந்தால் த்து சேர்: மண்டபத்தில், வாலிநோக்கத்தில், தேவிபட்டினத்தில். இகரம் ஐகாரம் என்றால் யகரம்: தொண்டியில், கீழக்கரையில், வேதாளையில். மெய்யில் முடிந்தால் அப்படியே: பாம்பனில், மூக்கையூரில். அடடா, பத்து வரியில் முடிந்தது என்று நினைத்தேன். உகரத்தில் மாட்டினேன். களிமண்குண்டு, களிமண்குண்டில் ஆகிறது. முனைக்காடு, முனைக்காட்டில் ஆகிறது. சேது, சேதுவில் ஆகிறது. மூன்றும் உகரம், மூன்றும் மூன்று வழி. குற்றியலுகரமா முற்றியலுகரமா, நெடிலைத் தொடர்ந்ததா மென்மெய்யைத் தொடர்ந்ததா என்று பள்ளிக்கூட இலக்கணப் பாடத்தையே ஃபங்ஷனாக எழுத வேண்டியதாயிற்று.

கடைசியில் அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, தரவுத்தளத்தில் ஊர்ப்பெயருக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி வைத்து "மண்டபத்தில்" என்றே கையால் எழுதிவிட்டேன். நம் கரையில் மொத்தம் எத்தனை ஊர் வந்துவிடப் போகிறது? ஒரு மத்தியான வேலை.


உச்சிப்புளி_ஸ்டாப், காலை 8.05

டீச்சர் சொன்னதோடு பன்மையாக்குகிற ப்ளூரலைஸ் ஹெல்பரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரெயில்ஸில் 3, "கூடை" என்று கொடுத்தால் கூடைக்குப் பின்னால் ஆங்கில எஸ் ஒட்டிக்கொண்டு வந்தது, இயல்பான விதி ஆங்கில விதி. அப்புறம் ஒருவர் "கள்" சேர்க்கிற மாதிரி மாற்றினார். "3 கூடைகள் நெத்திலி" என்று வந்தது. ஏலக்கரையில் எந்த மனுஷன் அப்படிப் பேசுகிறான்? 3 கூடை நெத்திலி, 2 பெட்டி இறால், 61 நாள் தடைக்காலம். எண் முன்னால் வந்துவிட்டால் பெரும்பாலும் கள் வேண்டியதே இல்லை.

துறைமுகத்தில் ஏற்றுகிற புயல் எச்சரிக்கைக் கூண்டுக்கும் இதே கதை. வரிசை எண்ணாக்குகிற ஆர்டினலைஸ் போட்டால் 3-க்குப் பின்னால் ஆங்கில வால் முளைக்கும். "3ஆம் எண் கூண்டு" என்று டெம்ப்ளேட்டில் நேராக எழுதிவிட்டால் போயிற்று, 1-இலிருந்து 11 வரை எல்லாவற்றுக்கும் "ஆம்" ஒன்றுதான்.


தொண்டி_டீச்சர், காலை 8.20

கூடைக்குச் சரி. "5 படம்" என்பதை விட "5 படங்கள்" என்றால்தான் எழுத்தில் நன்றாக இருக்கும் என்பது என் கட்சி. ஜாங்கோவில் ப்ளூரலைஸுக்கு "ம்,ங்கள்" என்று கொடுத்து முன்னால் "பட" என்று மட்டும் வைத்தால் வேலை நடக்கும். படிக்கிறவர் டெம்ப்ளேட்டைத் திறந்தால் பயப்படுவார், அது வேறு.


உச்சிப்புளி_ஸ்டாப், காலை 8.31

ஜாங்கோ என்றதும் ஞாபகம் வந்தது. தலைப்பைப் பக்க முகவரியாக்குகிற ஸ்லகிஃபை போட்டிருக்கிறீர்களா டீச்சர்? சும்மா போட்டால் தமிழ்த் தலைப்புக்கு முகவரி காலியாக வரும். யூனிகோடை அனுமதி என்று சொன்னால் "நெத்திலி கருவாடு" என்பது "நததல-கரவட" ஆகிவிடும். பைத்தானின் சொல்லெழுத்து விதியில் நம் கொம்பும் காலும் புள்ளியும் எழுத்தே கிடையாது, எல்லாவற்றையும் துடைத்துவிடும். நான் முகவரிக்கு வெறும் எண் வைத்துக்கொண்டேன், நிம்மதி.


மண்டபம்_வத்தை, காலை 9.10

எல்லாவற்றையும் படித்தேன். மாமாவோடு கரைக்குப் போய்விட்டு இப்போதுதான் வந்தேன்.

கடல் நிலவரத்தை ஒரே வரியாக டைப் செய்வதை நிறுத்திவிட்டேன். இப்போது மூன்று கட்டம்: நிலை, பகுதி, விவரம். நிலை என்பது டைப் செய்வது இல்லை, தேர்ந்தெடுப்பது: "எச்சரிக்கை இல்லை", "கவனம்", "செல்ல வேண்டாம்". டெம்ப்ளேட்டில் முதலில் நிலை, பெரிய எழுத்தில். அப்புறம் முக்காற்புள்ளி போட்டுப் பகுதி. ஆக "செல்ல வேண்டாம்: மன்னார் வளைகுடா" என்று வரும். இல், க்கு எதுவும் ஒட்ட வேண்டியதில்லை, டீச்சருக்கும் நிம்மதி. நிலைக்கும் பகுதிக்கும் "சுருக்கு" கிடையாது. விவரத்துக்கு மட்டும் உண்டு, அதுவும் எழுத்தாக எண்ணி.

காக்கா, எங்கள் ஹோஸ்டிங்கில் இன்ட்ல் இல்லை, நீங்கள் சொன்ன பெரிய எக்ஸ் வழிதான் போட்டேன். வேலை செய்கிறது. ஆனால் கருவாட்டுப் பெட்டியில் ஒரு மர்மம். மாமா போனிலிருந்து "நெத்திலி <500 ரூபாய்க்குக் கிடையாது, வாளை இருக்கு, மாசி நாளைக்கு வரும்" என்று போட்டார். தளத்தில் "நெத்திலி" என்பதோடு நின்றுவிட்டது. இது வெட்டுகிற அளவு நீளமே இல்லையே?


கீழக்கரை_காக்கா, காலை 9.45

ஹெச்டிஎம்எல் டேக்குகளைத் துடைக்கிற ஸ்ட்ரிப்_டேக்ஸ் போட்டிருப்பாய். அது < குறியைப் பார்த்ததும், அடுத்து இடைவெளி இல்லையென்றால் டேக் ஆரம்பித்துவிட்டது என்று நினைத்து > வருகிற வரை விழுங்கும். > வரவே இல்லை, வாளையும் மாசியும் அதன் வயிற்றில்.

அதை எடுத்துவிடு. ஜனங்கள் எழுதியதை எழுதியபடியே தரவுத்தளத்தில் வை, எதையும் துடைக்காதே. பக்கத்தில் காட்டும்போது மட்டும் மாற்று, அதிலும் வரிசை முக்கியம். முதலில் சுருக்கு. அப்புறம் எஸ்கேப். கடைசியாக வரி முறிவு. எஸ்கேப் செய்துவிட்டுச் சுருக்கினால் & குறிக்காகப் போட்ட நீளக் குறியீட்டின் நடுவில் வெட்டுப்பட்டுப் பாதி வால் தொங்கும். வரி முறிவை முதலில் போட்டுவிட்டு எஸ்கேப் செய்தால் பிஆர் டேக் எழுத்தாகவே திரையில் தெரியும், அதைப் பார்த்துவிட்டு எஸ்கேப்பையே எடுத்துவிடுகிற புத்திசாலிகளும் உண்டு, அன்றைக்கு யாராவது ஸ்கிரிப்டை உள்ளே விட்டால் தெரியும் சேதி. ரெயில்ஸின் சிம்பிள்_ஃபார்மட், ட்ரங்கேட் இரண்டையும் சேர்த்துப் போடுகிறவர்களுக்கும் இதுதான்: சிம்பிள்_ஃபார்மட் பத்தி டேக் போட்டபின் வெட்டினால் ட்ரங்கேட் இயல்பாக எஸ்கேப் செய்து டேக்கை எழுத்தாகவே காட்டும், அந்த எஸ்கேப்பை அணைத்தால் டேக் மூடாமல் நிற்கும்.


நவபாஷாணம்9, காலை 9.52

வரி முறிவுக்கு ஹெல்பரே வேண்டாம், ஒயிட் ஸ்பேஸ் ப்ரீ லைன் என்று சிஎஸ்எஸ்ஸில் ஒரு வரி. மாமா எண்டர் தட்டிய இடத்தில் அதுவே இறங்கும். இதிலாவது என் பேச்சைக் கேளுங்கள்.


கீழக்கரை_காக்கா, காலை 9.55

இதில் உங்கள் கட்சி.


பாம்பன்_காத்து, காலை 10.20

வத்தை, நிலை கட்டத்தை நீ தேர்ந்தெடுக்க மறந்துவிட்டால் என்ன வரும்?


மண்டபம்_வத்தை, காலை 10.24

முதலில் இருக்கிறது வரும்ணே. "எச்சரிக்கை இல்லை".


பாம்பன்_காத்து, காலை 10.25

அதை மாற்று, இப்பவே. ஒன்றும் தேர்ந்தெடுக்காவிட்டால் "இன்று நிலவரம் பதியவில்லை" என்று வர வேண்டும். இன்னொன்று, நேரம் எப்படிக் காட்டுகிறாய்? "3 மணி நேரத்துக்கு முன்பு" என்று காட்டுகிற ஹெல்பரா?


மண்டபம்_வத்தை, காலை 10.31

ஆமாம், நானே எழுதினேன், பெருமையாக வேறு இருந்தது.


பாம்பன்_காத்து, காலை 10.40

உன் பக்கத்தை யாரும் பக்கமாகப் பார்ப்பதில்லை, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸப் குழுவில் போடுகிறார்கள். நேற்று எடுத்த படத்தில் "3 மணி நேரத்துக்கு முன்பு" என்று இருந்தால் இன்றைக்குப் பார்க்கிறவனுக்கு அது என்ன கணக்கு? தேதியும் மணியும் முழுசாகப் போடு. "ஜூன் 14, காலை 5.10" என்று இருந்தால் படம் எத்தனை கை மாறினாலும் உண்மை மாறாது. குறுஞ்செய்தியாக அனுப்புகிற எண்ணம் இருந்தால் அங்கே நீ விரல் விட்டு எண்ணிய கணக்கு செல்லாது, தமிழ் எஸ்எம்எஸ் ஒன்றுக்கு 70 குறி. உன் பழைய வரி 48, ஒரே செய்தியில் போய்விடும்.


தொண்டி_டீச்சர், மதியம் 1.15

தளத்தைப் பார்த்தேன் தம்பி. பெரிய எழுத்தில் நன்றாகத் தெரிகிறது. "கடல் நிலவரம்" என்ற தலைப்புக்குக் கீழே "காற்று பலமாக வீச கூடும்" என்று இருக்கிறது. "வீசக்கூடும்" என்று சேர்த்து எழுதணும். இதற்கு ஹெல்பர் கேட்டு வராதே.


மண்டபம்_வத்தை, மதியம் 1.40

திருத்திவிட்டேன் டீச்சர். காத்து அண்ணன் சொன்ன இரண்டையும் போட்டாயிற்று, ஸ்ட்ரிப்_டேக்ஸும் போயிற்று, வாளை திரும்பி வந்துவிட்டது. மாமாவிடம் காட்டினேன். நிலவரப் பெட்டி பெரிசானதில் கருவாட்டு விலை கீழே தள்ளிப் போய்விட்டதாம், "இது நம்ம கடையா, வானிலை ஆபீஸா?" என்று கேட்கிறார். சின்ன மாமா பக்கத்தில் நின்றதால் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை.